கட்டணமும் தூரமும்: கட்டைபறிச்சானிலிருந்து நோக்கும்போது இலவசக் கல்வி

1. பிரச்சினை

இலங்கையில் இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அரசாங்க சபையின் கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் இயங்கிய விசேட குழு 1943இல் வெளியிட்ட அறிக்கையே அதற்கு அடிப்படையாயிற்று. குடியேற்றவாத ஆட்சி முடிவுறு முன்னரே பெறப்பட்ட சனநாயக வெற்றிகளுள் 1931ஆம் ஆண்டின் சர்வசன வாக்குரிமைக்கு அடுத்த இடத்தில் வைத்தெண்ணத்தக்கது இதுவாகும். எழுத்தறிவில் இந்நாடு தென்னாசிய நாடுகள் பலவற்றுக்கு முன்னே நிற்பதற்கும், கிராமப்புறத்து உழைப்பாளர் பிள்ளைகள் பல்கலைக்கழக வாயிலை மிதித்ததற்கும் அதுவே வழிகோலியது. இதனை மறுப்பார் இலர்.

ஆயினும் இலவசக் கல்வியின் வரலாற்றை எழுதியோரிற் பலர் அதனைச் சட்டங்களின் வரலாறாகவே எழுதியுள்ளனர். எந்த ஆண்டில் எந்தச் சட்டம், எந்த அமைச்சர், எந்த அறிக்கை என்ற வரிசையிலேயே அது சொல்லப்பட்டு வந்துள்ளது. சட்டம் வந்து சேர்ந்தபோது மக்கள் எவ்விடத்தில் நின்றனர் என்ற வினா அரிதாகவே எழுப்பப்பட்டது. இவ்விடம் என்ற சொல்லை ஈண்டு நேர்ப்பொருளிலேயே ஆளுகின்றோம்: வீடு இருக்கும் இடம், அவ்வீட்டிலிருந்து பாடசாலைக்குள்ள தூரம், அத்தூரத்தைக் கடப்பதற்காகும் செலவு.

இக்கட்டுரை அவ்வினாவைக் கட்டைபறிச்சானில் நின்று எழுப்ப முயல்கின்றது. திருகோணமலை மாவட்டத்தில் கொட்டியாரக்குடாவின் தென்புறத்தே, மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியில், களப்பு நீரைக் கடக்கும் பாலத்தையொட்டி அமைந்துள்ள கிராமம் அது. நெற்செய்கையும் மீன்பிடியும் கால்நடை வளர்ப்பும் கூலியுழைப்பும் அங்குள்ளோரின் சீவனோபாயங்கள். குடாவின் வடகரையிலே துறைமுகநகரும் அதன் புகழ்வாய்ந்த கல்லூரிகளும் உள்ளன. இரு கரைகளிலும் உள்ளவை அரசாங்கப் பாடசாலைகளே. இரு கரைகளிலும் கட்டணம் இல்லை. இருந்தும் இரு கரைகளிலும் பிறக்கும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கல்வி ஒன்றன்று. இவ்வேறுபாட்டை இயற்கையின் செயலென்றோ மாணவரின் முயற்சிக் குறைவென்றோ விளக்குவது வழக்கமாகிவிட்டது. கட்டணம் என்பது கல்வியின் விலை கொள்ளும் வடிவங்களுள் ஒன்று மாத்திரமே. அது நீக்கப்பட்டபோது விலை ஒழியாது வதிவிடத்தின்மேற் சென்று படிந்தது என்பதே இக்கட்டுரையில் நிறுவ விழையும் கருத்தாகும்.

2. தென்கரை பின்தங்கிய வரலாறு

கொட்டியாரம் என்றும் ஒதுக்குப்புறமாக இருந்ததன்று. கவிராசவரோதயன் இயற்றிய கோணேசர் கல்வெட்டு, குளக்கோட்டன் கோணேசர் ஆலயத்துக்கு வயல்நிலங்களையும் ஊழியக்காரரையும் ஏற்படுத்திய மரபைக் கூறுவது. வரலாற்றாவணமாக அதனைக் கொள்ளுவதிலுள்ள இடர்ப்பாடுகள் யாவையாயினும், அதன் பொருளியற் சாரம் தெளிவானது. கொட்டியாரப்பற்று முதலிய நெல்விளையும் பற்றுகளின் உபரி, கடலோர வழிபாட்டு மையத்தை நோக்கிச் சென்றது. விளைவிக்கும் நிலம் ஒரு புறமும் விளைவு குவியும் நகர் மறுபுறமுமான உறவு இப்பிரதேசத்தில் மிகப் பழையது.

பதினேழாம் நூற்றாண்டிலே கொட்டியாரம் கண்டியரசின் கீழைக்கரைத் துறைகளுள் ஒன்றாக விளங்கியது. 1660ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் கண்டியரசனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டது மூதூர்க் கரையிலேயே. பாய்மரம் பழுதுற்ற கப்பலொன்று ஒதுங்கிப் பண்டமாற்றுச் செய்யத்தக்க துறையாக அன்று அது இருந்தமை இதனாற் புலனாகும். நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலினால் கொட்டியாரம் என்ற பெயர் ஐரோப்பியருக்கும் அறிமுகமாயிற்று.

இந்நிலையை மாற்றியது துறைமுகத்தின் இராணுவப் பயன்பாடாகும். ஒல்லாந்தரிடமிருந்து 1795இல் பிரித்தானியர் திருகோணமலையைக் கைப்பற்றியதன் பின்னர் ஆழங்கூடிய உட்துறைமுகமே முதன்மை பெற்றது. கடற்படைத் தளம், கப்பற்றுறை, இருபதாம் நூற்றாண்டில் எழுந்த பாரிய எண்ணெய்த் தாங்கிகள் ஆகியன வடகரையிலேயே அமைந்தன. காசுக்கூலி, எழுதுவினைஞர் உத்தியோகம், ஒப்பந்த வேலை, கடைத்தெரு என்பனவும் அங்கேயே வளர்ந்தன. 1957இல் கடற்படைத் தளம் இலங்கை அரசாங்கத்திடம் கையளிக்கப்படும்வரை ஏகாதிபத்தியத்தின் செலவினமே அந்நகரின் வருவாய்க்குப் பெரும் ஊற்றாயிருந்தது. தென்கரையோ நெல்லையும் விறகையும் மீனையும் பாலையும் நகருக்கனுப்பும் பின்னிலமாயிற்று. வளர்ச்சியும் வளர்ச்சியின்மையும் ஒரே நிகழ்முறையின் இரு பக்கங்கள் என்று அந்திரே குந்தர் பிராங்க் 1960களில் இலத்தீன் அமெரிக்காவை ஆதாரமாகக் கொண்டு வாதித்ததைச் சிறியதொரு குடாவின் இரு கரைகளிலும் காணலாம்.

3. இருவகைப் பாடசாலை

கல்வி இப்பொருளியல் வரைபடத்தையே பின்பற்றியது. 1867ஆம் ஆண்டு மோர்கன் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து பொதுப்போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டு, பாடசாலை நடத்துவோருக்கு உதவி நன்கொடை வழங்கும் முறை நிலைபெற்றது. பாடசாலையைத் தொடங்கும் பொறுப்பு மிஷனரிமாரிடமும் பின்னர் சைவ, பௌத்த இயக்கங்களிடமும் விடப்பட்டது. அவர்கள் நிதியும் மாணவரும் உள்ள இடங்களையே நாடினர். திருகோணமலை நகரிலே புனித சூசையப்பர் கல்லூரி போன்ற கத்தோலிக்க நிறுவனங்களும் மெதடிஸ்தப் பாடசாலைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றின. அவற்றுக்கு எதிர்வினையாக 1897இல் இந்துக் கல்லூரி தோன்றியது. 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளையின் முயற்சியாற் பெண்களுக்கான சண்முகா பாடசாலை எழுந்தது. இந்துக் கல்லூரி 1920களில் இராமகிருஷ்ண மிஷனின் நிர்வாகத்துக்குட்பட்டபோது சுவாமி விபுலானந்தர் அதன் அதிபராகவும் பணியாற்றினார். விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்ற அவ்வறிஞரின் உழைப்புக் கிழக்கிலங்கைக் கல்விக்கு அளித்த உரம் பெரிது. எனினும், மதப் போட்டியினால் எழுந்த கல்லூரிகள் யாவும் நகரின் சில வீதிகளுக்குள்ளேயே குவிந்தன என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இக்காலக் கல்வி முறையின் அடிப்படைப் பண்பு அதன் இரட்டைத் தன்மையாகும். கட்டணம் அறவிட்ட ஆங்கிலப் பாடசாலை ஒன்று; கட்டணம் அறவிடாத சுயமொழிப் பாடசாலை மற்றொன்று. முன்னையது உத்தியோகத்துக்கும் தொழில்நெறிகளுக்கும் வாயிலாயிருந்தது. பின்னையது எழுத்தும் எண்ணும் சமயமும் புகட்டிக் கிராமத்துப் பிள்ளையைக் கிராமத்திலேயே நிறுத்தியது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் கல்வியைப் பரப்பியது உண்மையே. ஆனால் அது பரப்பியது இந்த இரண்டாவது வகையையே.

தூரத்தைச் சட்டத்தின் கருவியாக்கியதும் இக்காலமே. 1890களில் நடைமுறையிலிருந்த கால்மைல் விதியின்படி, ஏற்கனவே இயங்கும் பாடசாலையொன்றிலிருந்து கால்மைலுக்குட்பட்ட இடத்தில் தொடங்கப்படும் புதிய பாடசாலைக்கு நன்கொடை மறுக்கப்படலாம். முந்திக்கொண்டவரின் இடம் அதனாற் காக்கப்பட்டது. பிந்தி வந்த சைவரும் பௌத்தரும் அதனை எதிர்த்துக் கிளர்ந்தனர். யாழ்ப்பாணத்திலோ தூரம் வகுப்பறையினுள்ளேயே அளக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையிலும் ஏனையோர் வாங்கிலும் அமர்த்தப்பட்டனர். 1920களின் இறுதியில் சம ஆசனம் கட்டளையிடப்பட்டபோது அதனை ஏற்காதோர் பாடசாலைகளுக்குத் தீ வைக்கவும் துணிந்தனர். கல்விச்சாலையின் வாயில் திறந்திருப்பதும் கல்வி கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை எமது சமூகம் அப்போதே அறிந்திருந்தது.

4. கட்டணம் நீங்கியபோது

மேற்கூறிய இரட்டைத் தன்மையை நினைவிற்கொண்டு 1945ஆம் ஆண்டை மீண்டும் நோக்குதல் வேண்டும். கிராமத்துச் சுயமொழிப் பாடசாலையிற் கட்டணம் முன்னரும் இருந்ததில்லை. ஆகவே கட்டண ஒழிப்பினால் அப்பாடசாலையில் உடனடியாக எதுவும் மாறவில்லை. மாற்றம் நிகழ்ந்தது ஆங்கிலப் பாடசாலைகளிலேயே. அவற்றின் வாயில் திறந்தது. ஆனால் அவ்வாயில் இருந்த இடம் மாறவில்லை. நகரிற் குடியிருந்த எழுதுவினைஞரின் பிள்ளையும், அவருக்கு அயலிற் குடியிருந்த கப்பற்றுறைத் தொழிலாளியின் பிள்ளையும் நடந்தே செல்லத்தக்க தூரத்தில் அது இருந்தது. கட்டைபறிச்சான் விவசாயியின் பிள்ளைக்கு இடையே ஒரு கடல் கிடந்தது.

கன்னங்கரா இதனை உணராதவரல்லர். 1940இல் மத்துகமவில் தொடங்கிய மத்திய பாடசாலைத் திட்டத்தின் நோக்கமே நகரக் கல்லூரிக்கு நிகரான கல்லூரியைக் கிராமத்தில் நிறுவுவதாகும். விடுதியும் ஆய்வுகூடமும் புலமைப்பரிசிலும் சேர்ந்ததாகவே அது கருதப்பட்டது. கிழக்கிலே வந்தாறுமூலை மத்திய கல்லூரி அவ்வகையில் எழுந்தது; அதன் வளாகத்திலேயே 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டு, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கிராமத்திற் பாடசாலையை நிறுவுவதால் விளையக்கூடியது யாதென்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஆனால் நாடு முழுவதற்கும் அமைந்த மத்திய பாடசாலைகள் ஐம்பதைச் சற்றே கடந்தவை. பின்னர் மத்திய கல்லூரி, மகா வித்தியாலயம் என்ற பெயர்கள் தாராளமாக வழங்கப்பட்டன. விடுதியும் ஆய்வுகூடமும் அவ்வாறு வழங்கப்படவில்லை.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. முற்போக்குச் சக்திகள் அதனை வரவேற்றன, வரவேற்றது சரியே. உரிமை மாறியது. எனினும் உடைமையின் பரம்பல் மாறவில்லை. பழைய ஆங்கிலப் பாடசாலை தனது கட்டடத்தையும் நூலகத்தையும் விளையாட்டுத் திடலையும் பௌதிகவியல், இரசாயனவியல் ஆய்வுகூடங்களையும் பழைய மாணவர் சங்கத்தையும் கொண்டே அரசாங்கப் பாடசாலையாயிற்று. பழைய சுயமொழிப் பாடசாலையோ தனது ஓலைக்கொட்டிலையும் ஓரிரு ஆசிரியரையும் கொண்டு அரசாங்கப் பாடசாலையாயிற்று. இரண்டும் ஒரே திணைக்களத்தின் கீழ் வந்தமையால் அவை சமமாகிவிட்டன என்று கருதுவது சட்டவியல் மாயையாகும். போதனாமொழி தமிழாக மாறியபோது கிராமத்துப் பிள்ளைக்கு மொழித்தடை நீங்கியது. ஆயின் தமிழிலே பௌதிகவியல் கற்பதற்கும் ஆய்வுகூடமும் பட்டதாரி ஆசிரியரும் வேண்டுமன்றோ?

5. வதிவிடம் விலையாதல்

இன்று இலங்கையில் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றுள் உயர்தர விஞ்ஞான வகுப்புகளை நடத்தும் ஒன்று ஏபி வகையைச் சேர்ந்தவை பத்திலொரு பங்களவே. ஒன்று சி வகையினவற்றில் உயர்தரத்துக்குக் கலையும் வர்த்தகமும் மாத்திரமே உண்டு. இரண்டாம் வகையின பதினோராம் தரத்தோடும், மூன்றாம் வகையின ஆரம்பக் கல்வியோடும் பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே மருத்துவராகவோ பொறியியலாளராகவோ வரும் வாய்ப்பு, பிள்ளை எந்த வகைப் பாடசாலைக்கு அருகிற் பிறந்தது என்பதனால் முதற்கண் வரையறுக்கப்படுகின்றது. 1985இல் தேசிய பாடசாலைகள் என்றொரு பிரிவும் வகுக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின்னர் அவை மத்திய அமைச்சின் கீழ் நிற்க, எஞ்சியவை மாகாண நிருவாகத்துக்குரியவாயின. பழைய இரட்டைத் தன்மை புதிய பெயரோடு மீண்டது.

முதலாந் தரத்துக்கு மாணவரை அனுமதிப்பது பற்றிக் கல்வி அமைச்சு வெளியிடும் சுற்றறிக்கை இவ்வகையில் ஆராயத்தக்க ஆவணமாகும். அண்மைக்காலச் சுற்றறிக்கைகளின்படி இடங்களில் அரைவாசி அண்மையில் வதிவோரின் பிள்ளைகளுக்கும், காற்பங்கு பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும், 15 சதவீதம் ஏற்கனவே கற்கும் பிள்ளைகளின் சகோதரருக்கும் ஒதுக்கப்பட்டன. வதிவிடத்தை நிறுவுவதற்கு வாக்காளர் இடாப்பும் காணி உறுதியும் கோரப்படுகின்றன. சொந்த வீட்டுக்காரருக்குக் கூடிய புள்ளியும் வாடகைக்கிருப்போருக்குக் குறைந்த புள்ளியும் உண்டு. விண்ணப்பிக்கும் பாடசாலையிலும் அண்மையாக வேறு பாடசாலைகள் இருப்பின் அவை ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழிக்கப்படும்.

அண்மையிலுள்ளோருக்கு முதலிடம் என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகின்றது. ஆனால் இதன் சமூக உள்ளடக்கம் யாது? நல்ல பாடசாலையை அண்டிய காணியின் விலை ஏறுகின்றது. அவ்விலையைக் கொடுக்க வல்லவர் அங்கு குடியேறுகின்றனர். அவர்தம் உறுதிப்பத்திரம் பிள்ளையின் அனுமதிப்பத்திரமாகின்றது. அப்பிள்ளை பின்னாளிற் பழைய மாணவராகித் தன் பிள்ளைக்கு இரண்டாவது வழியாலும் உரிமை கோருகின்றார். கட்டணத்தை மாதந்தோறும் பாடசாலைக்குச் செலுத்திய முறை நீங்கி, மொத்தமாகக் காணிக்காரருக்குச் செலுத்தும் முறை வந்தது. மிஷன் பாடசாலையின் இடத்தைக் காத்த கால்மைல் விதியைப் போன்று, இப்புள்ளித்திட்டமும் முந்திக்கொண்டோரின் இடத்தையே காக்கின்றது. புறநானூற்றின் 183ஆம் பாடலிலே பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் கல்வியைப் பொருள் கொடுத்தும் பெறவேண்டியதாகவே கூறுகின்றான். ஆசானுக்குக் கொடுத்த பொருளை இன்று நிலத்துக்குக் கொடுக்கின்றோம் என்பதே வேறுபாடு.

கட்டைபறிச்சான் போன்ற கிராமத்தில் இம்முறை வேறொரு வகையாகத் தொழிற்படுகின்றது. அங்கு அனுமதிக்குப் போட்டியில்லை, வெளியேறுவதற்கே போட்டி. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்தியெய்தும் பிள்ளை நகரக் கல்லூரிக்குத் தகுதி பெறுகின்றது. ஆனால் தகுதியைப் பயன்படுத்துவதற்கு நகரில் உறவினர் வீடோ விடுதிக் கட்டணமோ வேண்டும். அன்றேல் மூதூர் இறங்குதுறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரம் லோஞ்சிற் செல்லவேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. தரைவழியிலோ மகாவலியின் கழிமுகங்களிலே ‘பாதை’ எனப்படும் மிதவைகளில் ஏறியிறங்கவேண்டியிருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலமும் அதனையடுத்து ஏனைய பாலங்களும் திறக்கப்பட்ட பின்னரே இவ்வழி சீராயிற்று. பாலம் தூரத்தைக் குறைத்தது. ஆயின் பேருந்துக் கட்டணத்தையும், நகரில் மாலை வேளைகளில் நடக்கும் தனியார் வகுப்புகளின் செலவையும் அது குறைக்கவில்லை.

இந்நிலையில் முதலில் வெளியேறுவோர் கிராமத்து உத்தியோகத்தரும் ஆசிரியரும் காணியுடையோருமாவர். அவர்களின் பிள்ளைகள் போனதும் மாணவர் தொகை குறைகின்றது. மாணவர் தொகைக்கேற்பவே ஆசிரியர் ஆளணி கணிக்கப்படுவதால் ஆசிரியர் தொகையும் குறைகின்றது. ஆசிரியர் இன்மையால் விஞ்ஞானப் பிரிவு தொடங்கவோ தொடரவோ இயலாது போகின்றது; அதனால் மேலும் சிலர் வெளியேறுகின்றனர். எஞ்சியிருப்போர் கூலிக்காரரினதும் சிறு விவசாயிகளினதும் மீனவரினதும் பிள்ளைகளும், இன்னும் கிழக்கே கரையோர வேடர் மரபினர் வாழும் நல்லூர், பாட்டாளிபுரம் முதலிய குடியிருப்புகளின் பிள்ளைகளுமாவர். பரீட்சைப் பெறுபேறு வீழ்ந்ததும், பெற்றோருக்குக் கல்வியில் அக்கறையில்லை என்ற தீர்ப்பு வழங்கப்படுகின்றது. விளைவு காரணமாகக் காட்டப்படுகின்றது.

மூதூரிற் பிறந்து ஆசிரியத் தொழில் புரிந்த வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ என்னுஞ் சிறுகதை மீனவச் சிறுவனொருவன் தனக்கெனத் தோணியொன்று வேண்டும் என்று கொள்ளும் ஆசையைப் பொருளாகக் கொண்டது. ஈழத்துச் சிறுகதை வரலாற்றில் அதற்குரிய இடம் பலராலும் எடுத்துரைக்கப்பட்டுள்ளது. இப்பிரதேச மக்களின் ஆசைகளுக்கும் அவர்களுக்கு எட்டாத உற்பத்திச் சாதனங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஆசிரியரொருவர் இலக்கியமாக்கினார் என்பதே ஈண்டு நமக்கு முக்கியமானது. வகுப்பறையில் அத்தகைய சிறுவரை நாள்தோறும் கண்டவர் அவர்.

6. மாவட்டம் என்னும் அலகு

தமிழர் கல்விப் பிரச்சினை பற்றிய உரையாடல்களிற் பெரும்பகுதியைத் தரப்படுத்தலே பிடித்துக்கொண்டது. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரியாகப் புள்ளிகள் வேறுபடுத்தப்பட்டமை தமிழ் மாணவருக்கு இழைக்கப்பட்ட வெளிப்படையான அநீதியாகும். அதனை இனவாத ஒடுக்குமுறையின் பகுதியாகவே கண்டித்தல் வேண்டும். 1974இல் புகுத்தப்பட்ட மாவட்ட ஒதுக்கீட்டின் தன்மை அதனின் வேறானது. யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற மாவட்டங்களின் பங்கினை அது குறைத்தது. திருகோணமலை, மட்டக்களப்பு, மன்னார், வவுனியா முதலிய மாவட்டங்களின் மாணவருக்கு அது வாய்ப்பளித்தது. தமிழர் என்ற ஒரே சொல்லால் இரு அனுபவங்களையும் மூடிவிடுதல் ஆய்வு நேர்மையாகாது.

ஆயினும் மாவட்ட ஒதுக்கீட்டை முற்போக்கானதென்று கூறி நிறைவடைதலும் இயலாது. பின்னர் நிலைபெற்ற முறையின்படி, கலைத்துறை தவிர்ந்த துறைகளில் இடங்களின் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமையடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகையடிப்படையிலும் 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. இங்கு மாவட்டம் ஒருபடித்தான அலகாகக் கொள்ளப்படுகின்றது. திருகோணமலை பின்தங்கிய மாவட்டமாயின் அதன் நகர வீதியில் வாழும் மருத்துவரின் பிள்ளையும், கட்டைபறிச்சானிற் கூலிக்காரரின் பிள்ளையும் ஒரே அளவிற் பின்தங்கியோராகின்றனர். ஒதுக்கப்பட்ட இடங்களுக்குப் போட்டியிட முன்னவருக்கு ஆய்வுகூடமும் தனியார் வகுப்பும் உண்டு. பின்னவரின் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவே இல்லாதவிடத்து அவர் போட்டிக்குள் நுழைவதேயில்லை. தென்கரையின் வறுமை மாவட்டத்தைப் பின்தங்கியதாகக் காட்ட உதவுகின்றது. அதனால் வரும் சலுகையோ வடகரையிற் சேர்கின்றது. கோணேசர் கல்வெட்டுக் காலத்து நெல்லைப் போலவே இதுவும் குடாவைக் கடந்து செல்கின்றது எனலாம்.

7. இனமும் போரும்

மூதூர்ப் பிரதேசத்தில் வதிவிட வேறுபாடு வர்க்க அடிப்படையில் மாத்திரம் அமைந்ததன்று. மூதூர் நகரிற் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர் முதலியன தமிழ்க் கிராமங்கள். அல்லைக் குடியேற்றத் திட்டத்தின் வழிவந்த சிங்களக் குடியிருப்புகள் தெற்கே சேருவில பகுதியில் உள்ளன. பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராயிருந்த 1970–77 காலப்பகுதியில் முஸ்லிம் பாடசாலைகள் தனி வகையாக உறுதிபெற்றன. முஸ்லிம் பெண்களின் கல்வி விரிவடைவதற்கு அது துணைசெய்தது. ஆனால் ஒரே மொழியில் ஒரே பாடத்திட்டத்தைக் கற்கும் அயற்கிராமத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் வகுப்பறையிற் காணாது வளரும் நிலையும் உடன் விளைந்தது. ஆய்வுகூடமும் பௌதிகவியல் ஆசிரியரும் அரிதாயிருக்கும் பிரதேசமொன்றில் இப்பிரிவினையின் விலையை இரு சமூகங்களின் ஏழைகளுமே கொடுக்கின்றனர்.

போர் இவ்வெல்லைகளை முட்கம்பியாக்கிற்று. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தக் காலத்திலே அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் இடைப்பட்ட எல்லை கட்டைபறிச்சானை ஒட்டியே சென்றது. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மூதூரிற் போர் மூண்டபோது முஸ்லிம் மக்கள் கந்தளாயை நோக்கி ஓடினர். மூதூர் கிழக்கின் தமிழ் மக்கள் வாகரை வழியாக மட்டக்களப்புக்கு இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் சம்பூர் படையினர் வசமாயிற்று. 2007இல் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. மட்டக்களப்பிலிருந்து மீண்ட சம்பூர் மக்கள் தம் ஊருக்குச் செல்ல இயலாது கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முதலிய இடங்களிலிருந்த முகாம்களிலே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். நிலம் கட்டங்கட்டமாக மீளக் கையளிக்கப்பட்டது 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே. சம்பூர் மகா வித்தியாலயமும் 2016இலேயே மக்களிடம் திரும்பியது.

2006இல் முதலாந் தரத்துக்குச் சேரும் வயதிலிருந்த சம்பூர்ப் பிள்ளையொன்று பத்தாண்டு கழிந்து தன் ஊர்ப் பாடசாலையைக் காணும்போது சாதாரண தரப் பரீட்சை வாயிலில் நிற்கும். பள்ளிப்பருவம் முழுவதையும் அது பிறர் ஊரிற் கழித்துவிட்டது. வதிவிடத்துக்குப் புள்ளி வழங்கும் அரசே அம்மக்களின் வதிவிடத்தைப் பறித்திருந்தது. உறுதிப்பத்திரம் கையிலிருந்தும் காணியிற் காலடி வைக்க இயலாதோருக்கு ‘அண்மை’ என்ற சொல்லின் பொருள் யாது?

8. உலக அனுபவம்

இது இலங்கைக்கே உரிய பிரச்சினையன்று. ஐக்கிய அமெரிக்காவிலே நிறவேறுபாட்டு அடிப்படையிற் பாடசாலைகளைப் பிரித்து வைத்தல் அரசியல் யாப்புக்கு முரணானதென 1954இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் அங்கு பாடசாலைகளுக்கான நிதியிற் பெரும்பகுதி அவ்வப் பிரதேசத்து ஆதனவரியினின்றே பெறப்படுவதால், செல்வர் வாழும் பகுதியின் பாடசாலை செல்வமுடையதாகவும் வறியோர் பகுதியின் பாடசாலை வறியதாகவும் தொடர்ந்தன. ரெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரின் வறிய பகுதிப் பெற்றோர் இதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் நிராகரிக்கப்பட்டது. கல்வி அந்நாட்டு அரசியல் யாப்பு உறுதிப்படுத்தும் அடிப்படை உரிமையன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். இலங்கையின் 1978ஆம் ஆண்டு யாப்பு, எல்லா நிலைகளிலும் கல்வியைச் சமமாகப் பெறும் உரிமையை 27ஆம் உறுப்புரையில் அரச கொள்கைக் கோட்பாடாக எழுதிவைத்துள்ளது. ஆயின் அக்கோட்பாடுகளை நீதிமன்றத்தின் மூலம் வலியுறுத்த இயலாதென அதே யாப்பின் 29ஆம் உறுப்புரை கூறுகின்றது.

பிரான்சியச் சமூகவியலாளர் பியர் பூர்தியுவும் பாசரோனும் 1970இல் வெளியிட்ட ஆய்வு, பாடசாலை வர்க்க வேறுபாட்டைத் திறமை வேறுபாடாக மாற்றிக் காட்டும் நிகழ்முறையை விளக்கிற்று. அவர்கள் குடும்பத்தின் பண்பாட்டு மூலதனத்துக்கு அளித்த அழுத்தம் பெறுமதியானது. ஆனால் எமது நிலைமையில் அதற்கு முன்னரே வீடும் வீதியும் வள்ளமும் நிற்கின்றன. பண்பாட்டு மூலதனம் வகுப்பறையினுள்ளே தொழிற்படுவது. கட்டைபறிச்சான் பிள்ளைக்கு அந்த வகுப்பறையை அடைவதே முதற் பிரச்சினையாகும்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படும். முதலாவது, சமவாய்ப்பு என்பதை நகரக் கல்லூரிக்கான அனுமதி என்று மாத்திரம் விளங்கிக்கொள்ளுதல் தவறாகும். ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் திறமையுள்ள சிலரைப் பொறுக்கியெடுத்து நகருக்கு அனுப்பும் புலமைப்பரிசில் முறை அச்சிலருக்கு உதவுகின்றது. அவர் விட்டுச்செல்லும் பாடசாலையை மேலும் வறிதாக்குகின்றது. இரண்டாவது, வளப்பகிர்வுக்கும் பல்கலைக்கழக ஒதுக்கீட்டுக்கும் மாவட்டத்தை அலகாகக் கொள்வது வர்க்க வேறுபாட்டை மறைக்கின்றது. மாணவர் கற்கும் பாடசாலையின் வகையும் வசதியும் கணிப்பிற் சேர்க்கப்படல் வேண்டும். மூன்றாவது, ஆசிரியர் ஆளணியை மாணவர் தலைக்கணக்கால் மாத்திரம் நிர்ணயிப்பதை விடுத்து, பாடத்தின் தேவையால் நிர்ணயித்தாலன்றிக் கிராமப் பாடசாலையில் விஞ்ஞானம் நிலைக்காது. நான்காவது, மூதூர்ப் பிரதேசத்தில் தமிழ், முஸ்லிம் பாடசாலைகள் உயர்தர விஞ்ஞான வசதிகளையேனும் பொதுவாக அனுபவிக்கும் ஒழுங்கு இரு சமூகங்களின் உழைப்பாளரது பொது நலனுக்குரியதாகும்.

இவற்றைச் சுற்றறிக்கையொன்றினால் பெற்றுவிடலாம் என்ற மயக்கம் எமக்கில்லை. 1945இன் வெற்றியும் அமைச்சரொருவரின் கொடையாக மாத்திரம் வந்ததன்று. வாக்குரிமை பெற்ற மக்கள் அதன் பின்னால் நின்றனர். அதனை எதிர்த்தோரின் செல்வாக்கும் சிறிதாக இருக்கவில்லை. அவ்வியக்கம் கட்டணத்தை ஒழிப்பதோடு நின்றது. கட்டணம் போன பின்னரும் எஞ்சியிருக்கும் தூரத்தை ஒழிப்பது அதன் தொடர்ச்சியான கடமையாகும். இலவசக் கல்வியைக் காத்தல் பற்றி இன்று நகர மண்டபங்களிற் பேசப்படுகின்றது. அக்கோரிக்கை சரியானதே. ஆனால் கொட்டியாரக்குடாவின் தென்கரையிலுள்ளோர் காக்கவேண்டியதன் பெரும்பகுதி இன்னும் அவர்களை வந்தடையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அக்கோரிக்கை முழுமை பெறும்.